காளை, எருது, கிடாரி: ஒரே தீனி, மூன்று வகை இறைச்சி

ஒரே பண்ணையில் மூன்று கன்றுகள் பிறக்கின்றன. இனம் ஒன்று, தீனியும் ஒன்று. ஓர் ஆண் கன்று காளையாக வளர்கிறது. இன்னோர் ஆண் கன்றைச் சிறு வயதிலேயே காயடித்து எருதாக்குகிறார்கள். மூன்றாவது பெண் கன்று. அது இன்னும் கன்று ஈனாத கிடாரியாக வளர்கிறது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் இவற்றின் இறைச்சியை அருகருகே வைத்தால் எடை, கொழுப்பு, மென்மை என எல்லாமே வேறுபட்டிருக்கும்.

நம்மில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆனாலும் இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொள்வது பயனுள்ளது. நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் ஹார்மோனும் சுவாசமும்தான் அதன் பின்னணியில் இருக்கின்றன.

தசையா, கொழுப்பா?

காளையின் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தசைச் செல்களில் புரதம் உருவாவதைத் தூண்டுகிறது. அதனால் உண்ணும் தீனியில் கூடுதல் பங்கு கொழுப்பாகச் சேராமல் தசையாக மாறுகிறது. கழுத்துத் தசையும் தோள் தசையும் இந்த ஹார்மோனுக்கு அதிகமாகவே இணங்குகின்றன. காளையின் கழுத்து அவ்வளவு பருத்திருப்பது இதனால்தான்.

காயடித்தால் இந்த ஹார்மோன் வெகுவாகக் குறைந்துவிடும். எருதைவிடக் காளை சுமார் 10 முதல் 20 விழுக்காடு வேகமாக எடை கூடும் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கிலோ சதை வளர்க்கக் காளைக்குத் தேவைப்படும் தீனியும் குறைவு. கிடாரியோ இரண்டையும்விடச் சிறியது. இளம் வயதிலேயே கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கிவிடும்.

கொழுப்பின் மதிப்பு

அப்படியானால் எல்லாரும் காளைகளையே வளர்க்கலாமே? அங்குதான் சிக்கல். தசை நார்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடுகளாகப் படரும் கொழுப்புதான் இறைச்சிக்குச் சாறும் சுவையும் தருகிறது. அது கிடாரியில் அதிகம், எருதில் நடுத்தரம், காளையில் குறைவு. மேலும், தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் காளையில் கூடுதலாக இருப்பதால் அதன் இறைச்சி சற்றுக் கடினமாக இருக்கும்.

ஜப்பானின் மியே மாநிலத்தில் கிடைக்கும் புகழ்பெற்ற மத்சுசாகா மாட்டிறைச்சிக்குக் கன்று ஈனாத கிடாரிகளை மட்டுமே ஏற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இளங்காளை, முதிர்ந்த காளை, எருது, ஈன்ற பசு, கிடாரி என்று தனித்தனிப் பிரிவாக இறைச்சியை வகைப்படுத்துகிறார்கள்.

கறுத்துப்போவது ஏன்?

உயிருள்ள மாட்டின் தசையில் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 7 இருக்கும். மாடு இறந்தபின் இரத்த ஓட்டம் நின்று ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அப்போது தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. பிஎச் மதிப்பு மெல்ல இறங்கி 5.5 அளவில் நிற்கிறது. இறைச்சி பளிச்சென்ற சிவப்பு நிறம் பெறுவதும் எளிதில் கெடாமலிருப்பதும் இந்த அமிலத்தால்தான்.

காளைகள் எளிதில் மிரளும், சண்டையும் போடும். முன்பின் அறியாத காளைகளை ஒரே கொட்டடியில் அடைத்தால் முட்டி மோதியே கிளைக்கோஜனைத் தீர்த்துவிடும். பிறகு அமிலம் உருவாக மூலப்பொருள் ஏது? பிஎச் மதிப்பு 6க்கு மேலேயே நின்றுவிட, இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, விரைவில் கெட்டுப்போகும். மாடு கடைசி நாளில் பட்ட அவதி அதன் தசையிலேயே பதிந்துவிடுகிறது.

வலி இல்லாத வழி உண்டா?

காயடித்தால் மாடு சாதுவாகும், இறைச்சியும் மென்மையாகும். ஆனால் காயடிப்பது கன்றுக்கு வலி தருகிறது. காயடிக்காமல் விட்டால் தீனி மிச்சமாகும். ஆனால் சண்டையையும் கறுத்த இறைச்சியையும் சமாளிக்க வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நாடுகளும் வேறுபடுகின்றன. அயர்லாந்தில் எருதுகள் அதிகம். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இளங்காளைகள் அதிகம்.

இந்த இக்கட்டைத் தளர்த்தும் வழிகளும் உள்ளன. இளம் கன்றாக இருக்கும்போதே மரத்துப்போகும் மருந்தும் வலிநிவாரணியும் கொடுத்துக் காயடிக்கலாம். சில நாடுகளில் அறுவைக்குப் பதிலாகத் தடுப்பூசி போடுகிறார்கள். விரைகளை இயக்கும்படி மூளை அனுப்பும் ஹார்மோனை அது தடுக்கிறது. காளைகளாகவே வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது: கன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்த கூட்டத்தைக் கடைசிவரை பிரிக்காமல், புதிய காளைகளோடு கலக்காமல் வைத்திருப்பது. பழகிய கூட்டத்தில் சண்டை குறையும். தசையில் கிளைக்கோஜனும் மிஞ்சியிருக்கும்.