முடியை மறுத்த சேனாபதி எஸ்பார்ட்டேரோ

வாளேந்தி வென்றோர் பலர்; வென்றபின் அதனை உறையிலிடும் காலமறிந்தோர் சிலரே. ஸ்பெயின் தேசத்துச் சேனாபதியும் அரசியல் தலைவருமாகிய பால்டோமேரோ எஸ்பார்ட்டேரோ அக்காலத்தை ஒருகால் அறிந்தும் மற்றொருகால் மறந்தும் வாழ்ந்தவர். ஆதலின் அவர் சரித்திரம் நாம் சிந்தித்தற்குரியது.

அவர் 1793-ம் ஆண்டு, கிரனாத்துலா என்னும் சிற்றூரில், வண்டி செய்யும் தச்சர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். குருத்துவத்திற்கெனக் கல்வி பயின்று வந்தவர், நெப்போலியன் சேனை நாட்டிற் புகவே, ஏட்டை விடுத்து 1809-ல் படையிற் சேர்ந்தார்; பின்னர்த் தென்னமெரிக்காவிலும் பல்லாண்டு போர் புரிந்தார்.

1833-ல் ஏழாம் பெர்டினாண்டு மன்னர் இறந்தார். அவர் மகள் இஸபெல்லாவுக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. பெண்ணுக்கு முடியுரிமை இல்லையென மன்னரின் தம்பி கார்லோஸ் வாதாடினார். வரம்பற்ற முடியாட்சியை விரும்பினோர் அவரையும், அரசியற் சட்டத்திற்குட்பட்ட ஆட்சியை விரும்பிய லிபரல் கட்சியார் குழந்தை அரசியையும் சார்ந்தனர். உள்நாட்டுப் போர் மூண்டது. 1836-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இரவு, அரசியின் சேனாபதியாகிய எஸ்பார்ட்டேரோ, நோய்ப்படுக்கையினின்றும் எழுந்து, கொடும்பனியிடையே லுச்சானாவில் படை நடத்தி, முற்றுகையிடப்பட்டிருந்த பில்பாவோ நகரை மீட்டார்.

அதனினும் பெரிய வெற்றி வாளின்றிக் கிடைத்தது. 1839-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி, வெர்காராவில், இரு சேனைகளும் காண, பகைச் சேனாபதி மரோட்டோவை அவர் மார்புறத் தழுவிக்கொண்டார். உடன்பட்டு வந்த எதிர்ப்படை அதிகாரிகள் தத்தம் பதவியை இழக்கவில்லை. பாஸ்க் நாட்டாரின் பழைய உரிமைகளுக்காகச் சட்டசபையிற் பரிந்துரைப்பதாகவும் வாக்களிக்கப்பட்டது. தோற்றோர் இழிவுபடாமையால் வடபுலத்தில் போர் ஓய்ந்தது.

1841-ல் சட்டசபையார் அவரை அரசியின் பிரதிநிதியாக ஆளத் தெரிந்தெடுத்தனர். தச்சர் மகன் நாடாளும் நிலை எய்தினார்; குறை வெளிப்பட்டதும் ஈண்டே. மறு ஆண்டில் பார்சிலோனா நகரத்தார் கலகம் விளைத்தனர். டிசம்பர் 3-ந் தேதி மோன்ஜுயிக் குன்றின் கோட்டையிலிருந்து அந்நகரின்மீது பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. நகரம் பணிந்தது, மக்கள் உள்ளமோ பணியவில்லை. 1843-ல் அவர் அதிகாரமிழந்து இங்கிலாந்திற் புகலடைந்தார்.

தாய்நாடு திரும்பிய அவர், 1854 முதல் 1856 வரை பிரதம மந்திரியாக இருந்து, பின் லோக்ரோஞோ நகரில் ஒதுங்கி வாழ்ந்தார். 1868-ம் ஆண்டுப் புரட்சி இஸபெல்லாவை நீக்கிற்று. 1870-ல் முடியை ஏற்கச் சம்மதமோவென அரசாங்கத்தார் அவரை வினவினர். தம் முதுமையைக் காட்டி மறுத்துவிட்டார். 1879-ல் அந்நகரிலேயே காலமானார்.

பகைவரிடம் காட்டிய பொறுமையைத் தம் ஆட்சிக்குட்பட்ட குடிகளிடம் காட்டாமையே அவர் வீழ்ச்சிக்கு வித்தாயிற்றென நாம் கருதுகின்றோம். சுதந்தரத்திற்காகப் போராடுதல் அரிது. அதிகாரம் கைக்கு வந்தபின் அச்சுதந்தரத்தைப் பிறருக்கும் விட்டுக்கொடுத்தல் அதனினும் அரிது.