பெட்டியில் நான்கு பூனைக்குட்டிகள்: யார் பொறுப்பு?

மாணவர்களே, செந்தூல் பாசார் பக்கம் காலையில் நடந்து போனால் சில நாள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு பழைய அட்டைப்பெட்டி. உள்ளே கண்கூடத் திறக்காத நான்கு பூனைக்குட்டிகள். “மீன் கடை பக்கத்தில் விட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்” என்று யாரோ நினைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தாய்ப்பாலும் தாயின் உடல் சூடும் இல்லாத அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இதைத் தடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் கருத்தடை அறுவைச் சிகிச்சை.

ஒரு சின்னக் கணக்கு

பெண் பூனை ஏறக்குறைய ஆறு மாதத்தில், சில வேளைகளில் நான்கு மாதத்திலேயே, கருத்தரிக்கும் நிலையை அடைகிறது. சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். இப்போது கணக்குப் போடுங்கள். உங்கள் பூனை பிப்ரவரி இறுதியில் நான்கு குட்டி போடுகிறது. ஆகஸ்டில் இன்னும் நான்கு. முதல் ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளும் ஆகஸ்டில் பருவமடைந்து, அக்டோபர் இறுதியில் ஆளுக்கு நான்கு போடுகின்றன. எல்லாம் உயிரோடு இருந்தால் ஆண்டு முடிவில் ஒரு பூனை 17 ஆகிவிடும்!

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் இனப்பெருக்கத்தைப் பகல் நேரத்தின் நீளம் கட்டுப்படுத்துகிறது. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகளுக்கு அந்தப் பருவம் வராது. கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆகவே இங்கே பூனைக்கு ஓய்வு மாதமே இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்துக்கும் விரைக்கும் ஹார்மோன் வழியாகக் கட்டளை அனுப்புகிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. பெண் பூனை இரவெல்லாம் கத்துவது இதனால்தான். விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. கடுவன் பூனை வீட்டைவிட்டு அலைவதும், சண்டையிடுவதும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெரும்பாலும் இதனால்தான். அதை அடித்துத் திருத்த முடியாது. அது குறும்பு செய்யவில்லை, ஹார்மோனுக்குக் கீழ்ப்படிகிறது.

கால்நடை மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுப்பார். பெண் விலங்கின் வயிற்றில் சிறிதாகக் கீறி, இரத்தக் குழாய்களைக் கட்டி, சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் அகற்றுவார். ஆணுக்கு விரைகளை அகற்றுவது இன்னும் எளிது. ஆனால், ஏற்கனவே குழாய்களில் தங்கிய விந்தணுக்கள் இருப்பதால், ஆண் விலங்கைச் சில வாரங்கள் பெண் விலங்கிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். காயம் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை புண்ணை நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டுவார்கள்.

“பாவம் இல்லையா?”

வீட்டில் பாட்டி இப்படிக் கேட்கலாம். “ஒரு முறையாவது குட்டி போடட்டும்” என்றும் சொல்லலாம். அப்படிக் குட்டி போடுவதால் உடலுக்கு நன்மை எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கிறது. கவனிக்காவிட்டால் அது உயிரையே பறிக்கும். கருப்பையையும் சூலகத்தையும் அகற்றிய நாய்க்கு அந்த ஆபத்து இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எந்த மயக்க மருந்திலும் சிறு ஆபத்து உண்டு. சிகிச்சைக்குப் பிறகு உடல் குறைந்த சக்தியையே செலவழிப்பதால், உணவைக் குறைக்காவிட்டால் எடை கூடும். பெரிய இன நாய்களுக்கு மிகச் சீக்கிரம் செய்தால் மூட்டுகள் பாதிக்கப்படலாம். அதனால் எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னை கற்ற பாடம்

சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. ஆனாலும் நாய்கள் குறையவில்லை. ஏன்? தெருவில் குப்பையும் உணவும் அப்படியே இருந்தன. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்தன. மீதமிருந்தவை குட்டி போட்டன. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடலாம் என்று நெடுங்காலம் வலியுறுத்தியது. 1996இல் மாநகராட்சி அதை ஏற்றது. 2001இல் இந்தியா முழுமைக்கும் அதற்கான விதிகள் வந்தன. எனினும், போதுமான நாய்களுக்குச் செய்யாத ஊர்களில் எண்ணிக்கை மீண்டும் ஏறிவிடுகிறது. பாதி வேலை இங்கே பலன் தராது.

நமக்கும் இது தொலைவான செய்தி அன்று. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியது. புதுக் குட்டிகள் பெருகப் பெருக, தடுப்பூசி போடாத நாய்களும் பெருகும் அல்லவா?

அடுத்த முறை தெருப்பூனையைப் பார்த்தால் அதன் காதைக் கவனியுங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். மயக்கத்தில் இருக்கும்போதே இடப்படும் அடையாளம் அது.

உங்கள் வீட்டுப் பூனைக்கு இப்போது என்ன வயது? நான்கு மாதத்தை நெருங்குகிறது என்றால், இன்றே அப்பா அம்மாவிடம் பேசுங்கள். அடுத்த அட்டைப்பெட்டி உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டாம்.