இலையும் மீஸானும்

கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. சித்திரை நண்பகலில் அங்கு ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மண் வறண்டிருந்தால், அந்நேரத்தில்தான் இலைகளின் ஒளிச்சேர்க்கை தணிகிறது. காரணம் என்ன?

பச்சை இலை ஒளியின் துணையால் நீரையும் கரியமிலவாயுவையும் உணவாக்கிப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இதற்கு ஒளி இன்றியமையாதது என்பதை 1779இல் இன்கன்ஹவுஸ் நிறுவினார். ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் அருகே விளக்கை நகர்த்தினால் அதிலிருந்து எழும் குமிழிகள் பெருகும். ஓர் எல்லைக்குப் பின் பெருகா. அப்போது நீரில் சிறிது சமையல் சோடா கரைத்தால் கரியமிலவாயு கிடைத்து மீண்டும் பெருகும். பல காரணிகளுள் எது பற்றாக்குறையோ அதுவே வேகத்தை வரையறுக்கும் என 1905இல் பிளாக்மன் விளக்கினார்.

கிண்டியிலும் இதுவே நிகழ்கிறது. வேரில் ஈரம் குன்றும்போது, உள்ள நீரைக் காக்க இலைத்துளைகள் சுருங்குகின்றன. கரியமிலவாயு நுழையும் வாயிலும் அதுவே. ஆகவே ஒளி மிகுந்திருந்தும் இலை உணவு சமைக்க இயலாது நிற்கிறது.

திருமறையின் 55ஆம் அத்தியாயத்தில், மரங்களின் சிரவணக்கத்தைக் கூறும் 6ஆம் வசனத்தை அடுத்தே 'மீஸான்' என்னும் சமநிலை பேசப்படுகிறது. விஞ்ஞான விதியை வசனத்துள் திணிக்க வேண்டியதில்லை. அவ்வசனம் தரும் பார்வையோடு இலையை நோக்கினால் போதும்.

மரம் நடுதலைத் தர்மம் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நட்டதோடு நாம் அகன்றுவிடுகிறோம். கன்றுக்குக் குறைவது வெயிலன்று, நீர். கோடையில் அதன் வேருக்கு வார்க்கும் ஒரு குடம் நீரையும் அத்தர்மத்தோடு சேர்த்துக்கொள்வோமாக.