திறந்த மோட்டாருக்குப் புதிய கம்பளம்

தறியிலிருந்து அறுத்த துணி விற்பனைக்குச் சென்றதும் நம் வேலை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். துணியின் வாழ்வோ அதன் பின்னரே தொடங்குகிறது. அது எதன்மேல் விரிக்கப்படுகிறது, நனைந்தால் உலர வழி உண்டா என்பவையே அதன் ஆயுளை நிர்ணயிக்கின்றன. துணியின் கேடு துணியோடு நில்லாமல், அது மூடியிருக்கும் பொருளையும் அழிப்பதுண்டு. இதற்குத் தக்க உதாரணமாக, பழைய திறந்த மோட்டார் வண்டிக்குப் புதுக் கம்பளம் போடும் முறையை இங்கு விளக்க விரும்புகிறோம். நூலை நெய்வோரும் நாரை விளைவிப்போரும் அறிய வேண்டிய செய்திகள் இதில் பல உள்ளன.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்ற மோட்டார் வண்டி செய்யப்பட்டது. நிலையான கூரையுள்ள வகையையும் சேர்த்து 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றுள் பலவற்றை இன்றும் அன்பர்கள் பேணி ஓட்டி வருகின்றனர். திறந்த வகை வண்டிக்கு மடக்கிவைக்கும் கூரையே உண்டு. அதன் ஓரங்களிலும் கதவு இடுக்குகளிலும் மழைநீர் கசியும். கசிந்த நீர் கம்பளத்தில் இறங்கித் தங்கிவிடும்.

இதில் அபாயம் என்னவெனில், இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டாலாகிய உடலே பாரம் முழுவதையும் தாங்குகிறது. மேலே கூரை இல்லாமையால், தரைத்தகடும் இருபுறக் கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதிகளுமே பெரும்பாரத்தை ஏற்கின்றன. ஈரக் கம்பளம் இவற்றின்மேல் மாதக்கணக்கில் கிடந்தால், மேலே துணி அழகாகத் தோன்றும்போதே கீழே இரும்பு துருவாகி உதிரும். துருவினால் உடல் கெட்ட வண்டிகளுக்கென, ஆதியில் வழங்கிய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் புதிய உடற்கூடுகள் செய்து விற்கப்படலாயின என்பதிலிருந்து, இக்கேட்டின் அளவை ஊகித்துக் கொள்ளலாம்.

இனி, கம்பளத்தின் அமைப்பைப் பார்ப்போம். நம் பவானி ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு, பரப்பு தட்டையாயிருக்கும். மோட்டார்க் கம்பளத்திலோ இழைகள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். வில்டன் என்ற ஆங்கில ஊரின் பெயரால் வழங்கும் நெசவில், அதற்கென மிகையாக ஓட்டிய பாவு இழைகளே கண்ணிகளாக எழுப்பப்படுகின்றன. இன்று மிகுதியாக வழங்குவது வேறு வகை. முன்னரே நெய்து வைத்த அடித்துணியில் ஊசிகளால் இழையைக் குத்தி நிறுத்தி, பின்புறம் ரப்பர்ப்பால் போன்ற பூச்சினால் பிணைத்துவிடுகின்றனர். இப்பூச்சு முதுமையில் பொடியாக உதிர்ந்தால் இழைகள் பிடிப்பிழந்து கழன்றுவிடும்.

கம்பளத்தின் கீழே ஒரு மெத்தைப் பட்டை இடுவது வழக்கம். ஓசையையும் வெப்பத்தையும் தணிப்பது அதன் வேலை. இதற்குச் சணல் நாரை அழுத்திச் செய்த பட்டை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அது மலிவானது, நல்ல தடிப்புள்ளது. ஆனால் நீரை உறிஞ்சி நெடுநேரம் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே திறந்த வண்டியில் இதனைத் தரையோடு ஒட்டிவிடலாகாது. எடுத்து வெயிலில் உலர்த்தும்படி வைக்கவேண்டும். நீர் புகாத நுரைப்பட்டையும் இப்போது கிடைக்கிறது. அதனடியிலும் நீர் தேங்கக்கூடுமாதலால் அப்பொழுதும் கவனம் தேவை.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பின்னர் ஆசனங்களை எடுத்து, பழைய கம்பளத்தைத் துண்டு துண்டாகக் கிழியாமல் பெயர்க்கவேண்டும். ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அது இருந்த இடத்தை எழுதி வைப்பது நலம். புதுக் கம்பளம் முற்றிலும் பொருந்தும் வரை பழையதை எறியலாகாது. அதுவே நமக்கு அளவுமாதிரி.

அடுத்ததாகத் தரையைச் சோதிக்கவேண்டும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்ட தகடு மந்தமாக ஒலிக்கும். நுனியால் அழுத்தினால் உள்வாங்கும். அத்தகைய இடத்தை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். நெருப்புப் படும் இவ்வேலை, கம்பளம் உள்ளே வருமுன் முடிந்துவிட வேண்டும். மேலோடு பிடித்த துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சும் வர்ணமும் பூசவேண்டும். பிறகு ஒருவர் உள்ளே அமர்ந்திருக்க, மற்றொருவர் கூரைமீதும் கதவுகள்மீதும் நீர் ஊற்றினால், கசியும் இடம் புலப்படும். அதனை அடைக்காமல் கம்பளம் விரிப்பது பயனற்ற செலவேயாகும்.

புதிய துண்டுகள் மடிந்து வந்திருந்தால் சிறிது நேரம் வெயிலில் விரித்து வைத்தால் இளகிப் படியும். பசை தொடுமுன் எல்லாத் துண்டுகளையும் அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்தல் அவசியம். நிமிர்ந்த இழைகள் ஒரு திசை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு துண்டை மாற்றித் திருப்பி வைத்தால், ஒரே தொட்டியில் சாயம் தோய்ந்த கம்பளமும் இரு நிறமாகத் தோன்றும். நெசவாளருக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வண்டியின் நடுவே பல்சக்கரப் பெட்டியை மூடியுள்ள மேட்டில் முதலில் தொடங்கி, பிறகு பக்கங்களுக்கு வருவது எளிய முறை. துளைகளைத் தேவைக்குச் சிறிதாகவே வெட்டிப் பின் பெரிதாக்கவேண்டும். கூடுதலாக வெட்டியதைச் சேர்க்க இயலாது. திருகாணித் துளைக்காகத் துளைக்கருவியைக் கம்பளத்தின்மேல் வைத்துச் சுழற்றுவோர் உண்டு. அது பெருந்தவறு. இழை கருவியில் சுற்றிக்கொண்டு வரிசையாக உருவி வந்துவிடும். கத்தியால் சிறிது கீறுவதே தக்கது. நைலான் கம்பளமாயின் சூடான கம்பியால் துளையிடலாம். இழை உருகி விளிம்பு தானே இறுகும். கம்பளி உருகாது, கருகும். ஆதலின் அதற்கு அம்முறை ஏற்றதன்று.

மேட்டுக்கும் பக்கங்களுக்கும் பசையை இருபுறமும் தடவி, சற்று உலர்ந்து கையில் மெல்ல ஒட்டும் பதத்தில் வைத்து அழுத்தவேண்டும். மேட்டின் அடியில் வெப்பம் மிகுதியாதலால் வெப்பந்தாங்கும் பசையே வேண்டும். பசையின் ஆவி தீப்பற்றும். கதவுகளைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பின்றி வேலை செய்யவேண்டும். கால் வைக்கும் தரைத் துண்டுகளை மட்டும் ஒட்டாமல் அழுத்துப் பொத்தான்களால் மாட்டுவது நன்று. நனைந்த அன்றே எடுத்து உலர்த்தலாம். எம்.ஜி.பி. வண்டியில் மின்கலம் ஆசனங்களுக்குப் பின்னே தரைக்கடியில் இருக்கிறது. அதன் மூடிமேல் வரும் கம்பளத்தையும் ஒட்டலாகாது.

முடிவாக, மிதிகளைத் தரைவரை அழுத்தி, அவை எங்கும் கம்பளத்தில் தடைபடாமல் மீள்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கால்விரிப்பு முடுக்கு மிதியைச் சிக்கவைக்கக்கூடும் என்ற காரணத்தால் 2009-இல் அமெரிக்காவில் பல இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு துண்டு விரிப்பு உயிருக்கே உலை வைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆசனங்களின் திருகாணிகளையும் இடைவார்த் திருகாணிகளையும் உரிய இறுக்கத்தில் முடுக்கிய பின்னரே வண்டியை எடுக்கவேண்டும்.

இவ்வேலையில் கம்பளம் விரிக்கும் நேரம் சிறிது. அடித்தரையைச் சீர்செய்யும் நேரமே பெரிது. அதைச் சுருக்கியவன் சில ஆண்டுகளில் கம்பளத்தையும் இழப்பான், வண்டியையும் இழப்பான். விரிப்பும் பாயும் செய்து விற்கும் நம் அங்கத்தினர்கள், எதன்மேல் விரிப்பது, எவ்வாறு உலர்த்துவது, எது ஆகாது என்பவற்றை ஒரு சிறு சீட்டில் எழுதி, விற்கும் பொருளுடன் சேர்த்துக் கொடுப்பார்களாக. அச்சீட்டுக்கு ஆகும் செலவு அற்பம். அதனால் துணியின் ஆயுள் நீளும். வாங்கியவர் மீண்டும் நம் சங்கத்தையே நாடி வருவார்.