தயாராக இரு – 11: ஒவ்வொருவராக முன்னே வா

சாரணர் சின்னம் சூட்டும் விழா எப்படி நடக்கும் என்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலை பத்து மணி வெயிலில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் வரிசை பிடித்து நிற்பார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை நிற்க வேண்டும். வந்தபின் பொன்னாடை, நினைவுப் பரிசு, முக்கால் மணி நேரப் பேச்சு. எல்லாம் முடிந்ததும் ஒருவர் மைக்கில் உறுதிமொழியை வரி வரியாகச் சொல்ல, பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்வார்கள். முன்வரிசையில் நாலு பேருக்கு விருந்தினர் ஸ்கார்ஃப் மாட்டுவார், போட்டோ எடுத்தாகிவிடும். மற்றவர்களுக்கு மறுநாள் வகுப்பறையில், அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்த அட்டைப் பெட்டியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிரவேஷ் என்ற முதல் படிக்கு வருவதற்கு ஒரு பிள்ளை என்னென்ன செய்திருக்கிறது! சாரணர் சட்டத்தின் ஒன்பது அம்சங்களையும் பொருள் தெரிந்து சொல்ல வேண்டும். கொடியைப் பற்றி, வணக்கத்தைப் பற்றி, இடக்கைக் குலுக்கலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தினம் ஒரு நற்செயல் செய்து டைரியில் எழுதி வர வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்ததைத் தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கிறான் என்றால் அது சின்ன விஷயமல்ல. அதைப் படித்துப் பார்த்தது ஒரே ஒரு சாரண ஆசிரியர்தான். விருந்தினருக்கு அந்தப் பையனின் பெயர்கூடத் தெரியாது.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908-இல் எழுதிய ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ நூலில் இந்த விழா எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்திருக்கிறார். நூற்றாண்டு தாண்டியும் அதைவிட நல்ல முறை ஒன்றை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை என்பது என் எண்ணம். படை முழுவதும் குதிரை லாட வடிவில் நிற்கும். லாடத்தின் திறந்த பக்கத்தில் சாரண ஆசிரியர். புதிய பிள்ளையை அவனுடைய அணித் தலைவன் நடுவே அழைத்து வருகிறான். ஆசிரியர் அவனிடம் மட்டும் கேள்வி கேட்கிறார்: உன் மாண்பு என்றால் என்ன தெரியுமா? உன்னை நம்பலாமா? சட்டம் தெரியுமா? பிள்ளை தன் வாயால் பதில் சொல்கிறான். பிறகு வலக்கையை உயர்த்தி, மூன்று விரல் காட்டி, தனியாக உறுதிமொழி சொல்கிறான். அப்போது படையில் இருக்கும் அத்தனை பேரும் அதே சாரணக் குறியோடு நிற்கிறார்கள். ஆசிரியர் சின்னத்தைக் குத்தி, இடக்கை குலுக்குகிறார். புதிய சாரணன் திரும்பி நின்று படைக்கு வணக்கம் வைக்க, படை அவனுக்கு வணக்கம் வைக்கிறது. பிறகு அவன் தன் அணிக்குப் போய்ச் சேர்ந்துகொள்கிறான்.

ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். இதில் விருந்தினருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர் அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர், அழைத்து வருபவன் அவனோடு முடிச்சுப் போட்டுப் பழகியவன், சாட்சியாக நிற்பவர்கள் நாளை அவன் வாக்குத் தவறினால் கேட்கப் போகிறவர்கள். கூட்டத்தோடு கூட்டமாகச் சொன்ன உறுதிமொழியைப் பற்றி யாரும் யாரையும் கேட்க முடியாது. தனியாக நின்று, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, தன் குரல் தனக்கே கேட்கும்படி சொன்னது மனதில் தங்கிவிடுகிறது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1909-இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய முதல் சாரணர் படை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கானது. இந்தியப் பிள்ளைகளை அப்போது சேர்த்துக்கொள்ளவில்லை. அதைப் பொறுக்காமல் 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, பாடல்கள் நம் நாட்டுப் பாடல்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. அப்போது சென்னையில் பெசன்ட் அம்மையார் தாமே சாரணர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர், ஹோம் ரூல் கிளர்ச்சிக்காகக் காவலில் வைக்கப்பட்டவர், அப்போது வயது 73. பத்து வயதுப் பையன் சொல்லும் அதே வாக்கியங்களை அவரும் கையை உயர்த்திச் சொன்னார். கௌரவப் பதவியை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்; உறுதிமொழி எடுப்பதுதான் வாசல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அவர்கள் நிமிர்ந்து நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

பிரவேஷுக்குப் பிறகு பிரதம் சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், அதற்கு மேல் ஆளுநர் பெயரிலான ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் பெயரிலான ராஷ்டிரபதி விருது. கீழ்ப்படிகளைப் பள்ளி அளவிலேயே முடித்துவிடலாம். மேலே போகப் போக மாவட்டம், மாநிலம் என்று சோதனை முகாம்கள். இங்கேதான் இன்னொரு கோளாறு நுழைகிறது. கீழ்ப்படிச் சின்னங்களை யாரும் கொண்டாடுவதில்லை. பிரதம் சோபான் முடித்த பிள்ளைக்குச் சான்று ஏட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ‘எல்லாம் சேர்த்து ஆண்டு விழாவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறார்கள். ஜூலையில் ரீஃப் நாட், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட பையனுக்குப் பிப்ரவரியில் சின்னம் கிடைத்தால், எதற்காகக் கிடைத்தது என்பதே அவனுக்கு மறந்திருக்கும். தேறிய வாரத்திலேயே, அடுத்த படைக் கூட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு லாட வரிசை, ஒரு கைகுலுக்கல், ‘இவன் இன்னின்னது செய்தான்’ என்று அணித் தலைவன் வாயால் நாலு வாக்கியம். இதற்குப் பந்தலும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

மேல்படிகளுக்கு வேறொரு இழுப்பு இருக்கிறது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ராஷ்டிரபதி விருது பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். காட்பாடியும் ஜோலார்பேட்டையும் பக்கத்திலிருக்கும் ஊர்களில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த சேதி. அதை நினைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தோல் கம்பெனி வேலையின் நிச்சயமின்மை தெரிந்தவர் அவர். ஆனால் சான்றிதழுக்காகவே ஓடும் பிள்ளைக்கும், ஒவ்வொரு படியிலும் படையின் வணக்கத்தை வாங்கிக்கொண்டு மேலே போகும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாமவனுக்கும் அதே வேலை கிடைக்கும். அதோடு வேறு சிலதும் கிடைத்திருக்கும்.

இனி இந்தத் தோல் பூமிக்கே உரிய பிரச்சினைக்கு வருகிறேன். இங்கே விழாவுக்குப் பெற்றோர் வருவதில்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். எப்படி வருவார்கள்? ஷூ கம்பெனி வேன் காலையில் தெருமுனைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஓவர்டைம். லீவு போட்டால் கூலி போச்சு. வீட்டிலேயே உட்கார்ந்து அப்பர் தைப்பவர்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்து போகும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. வேலை நாள் பத்து மணிக்கு விழா வைத்துவிட்டுப் பெற்றோருக்கு அக்கறையில்லை என்பது நியாயமா? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைத் தொடாதீர்கள். நோன்புக் காலத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இப்படியொரு ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பார்த்தேன். சாரணியர் ஒன்பது பேர். உறுதிமொழி முடிந்ததும் சாரணிய ஆசிரியை சின்னத்தைத் தன் கையால் குத்தாமல் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினார். அம்மா பின்வாங்கினார்.

“நானா டீச்சர் குத்தணும்? எச்எம் சார் இருக்காரே.”

“நீங்கதாம்மா குத்தணும். அவ உங்க பொண்ணுதானே?”

அந்த அம்மாவின் வலக்கை ஆள்காட்டி விரலில், தையல் ஊசி ஏறி ஏறித் தடித்துப்போன இடம் தெரிந்தது. நாள் முழுக்கத் தோலில் ஊசி ஏற்றுகிறவர், மகளின் சட்டைப் பையில் ஒரு சின்ன ஊக்கைக் குத்துவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். எங்கே சட்டை கிழிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றாள். அடுத்த பெண்ணுக்கு அம்மா வரவில்லை. பாட்டி வந்திருந்தார், உருதுவில் ஏதோ துஆ சொல்லிக்கொண்டே குத்தினார். யாருமே வராத இரண்டு பேருக்கு அவர்களுடைய அணித் தலைவி குத்தினாள். இந்தக் கடைசி ஏற்பாட்டை ஆசிரியை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் வராத பிள்ளை வெறுமனே நிற்கும்படி ஒரு விழா அமைந்துவிடக் கூடாது.

தோலுக்கும் சாரணர் இயக்கத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருப்பது இந்த ஊரில் பலருக்குத் தெரியாது. ஸ்கார்ஃபைக் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கும் வளையமான வாகிள் 1920-களின் தொடக்கத்தில் லண்டனை ஒட்டிய கில்வெல் பூங்காவில் உருவானது. அங்கே பட்டறையைப் பார்த்துக்கொண்ட பில் ஷாங்க்லி, தையல் இயந்திரத்தை ஓட்டும் மெல்லிய தோல் பெல்ட்டை எடுத்து, டர்க்ஸ் ஹெட் என்ற பின்னல் முடிச்சாகக் கட்டி அதைச் செய்தார். சாரண ஆசிரியர்கள் பெறும் உட் பேட்ஜ் மரமணிகளும் தோல் வாரில் கோத்துத்தான் கழுத்தில் தொங்குகின்றன. முதல் உட் பேட்ஜ் பயிற்சி அதே கில்வெல்லில் 1919-இல் நடந்தது.

தைப்பும் தோலுமாக வாழும் ஊரில் நாம் பிளாஸ்டிக் வாகிள் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளங்கை அகலத் துண்டுத் தோல் ஒன்றை வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கி அறுத்துக்கொண்டே வந்தால் நீளமான வார் கிடைத்துவிடும். கட்டிங்கில் வேலை செய்யும் அப்பா ஒருவர் இதை ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். கத்தி அவர் கையில் இருக்கட்டும், முடிச்சுப் பின்னுவது பிள்ளையின் வேலை. துவிதிய சோபான் பெறும் நாளில் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிட்டுத் தானே பின்னிய தோல் வாகிளை மாட்டிக்கொள்ளட்டும். தோல் வேலை என்றாலே முகம் சுளிக்கும் சாதிப் புத்தி இன்னும் சாகவில்லை. அப்பா எந்த ஷாப்பில் இருக்கிறார் என்று கேட்டால் தலைகுனியும் பிள்ளைகளை நான் அறிவேன். தகப்பன் அறுத்த வாரைப் படைக்கு முன்னால், சீருடையின் நடு மார்பில் அணிந்து நிற்பது அந்தப் பிள்ளைக்கு என்ன தரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இடத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். எல்லா விழாவும் பள்ளி மைதானத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கின்றன. சாரணன் எல்லோருக்கும் நண்பன் என்ற மூன்றாவது சட்டத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாவட்டத்தில் எது? இயற்கையை நேசிப்பவன் என்ற ஐந்தாவது சட்டத்துக்குப் பாலாற்றங்கரை. தோல் கழிவால் இந்த ஆறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. இந்த ஆற்றால் சோறு உண்ணும் குடும்பங்களும் இந்த ஆற்றால் குடிநீர் இழந்த குடும்பங்களும் பல நேரம் ஒரே குடும்பங்கள்தான். அந்தச் சிக்கலைப் பத்து வயதில் தீர்க்க முடியாது. ஆனால் ஆற்று மணலில் நின்று ஐந்தாவது சட்டத்தைச் சொன்ன பிள்ளை, பெரியவனாகி ஒரு நாள் டேனரியில் சூப்பர்வைசராகவோ மாசுக் கட்டுப்பாட்டு அலுவலராகவோ உட்காரக்கூடும்.

பெரிய திரளுக்கு நான் எதிரியல்ல. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்பூரியில் நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூடியபோது, தான் எவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒருவன் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். அதற்கு அது வேண்டும். சின்னம் சூட்டுவதற்குச் சின்ன வட்டம் வேண்டும்.

கடைசியாக, பின்தங்கும் பிள்ளையைப் பற்றி. மற்றவர்கள் மூன்று மாதத்தில் முடித்ததை ஒருவன் எட்டு மாதத்தில் முடிக்கிறான். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும், எழுத வராமல் இருந்திருக்கும், கூச்சமாக இருந்திருக்கும். கூட்டமாக நடத்தும் விழா இவனைத் தவறவிட்டுவிடும், அல்லது தேறாமலே தேறியதாகக் காட்டி வரிசையில் நிறுத்திவிடும். இரண்டுமே துரோகம். பேடன் பவல் சின்னங்களுக்கு வைத்த அளவுகோல் பிள்ளை எடுத்த முயற்சிதான். மற்றவனைவிட நன்றாகச் செய்தானா என்பது அவருக்குப் பொருட்டல்ல. அந்த எட்டு மாதப் பிள்ளைக்கு அவன் தேறிய வாரத்தில், அவன் ஒருவனுக்காக மட்டும், படையை லாட வடிவில் நிறுத்துங்கள். அணித் தலைவன் அழைத்து வரட்டும். ஒரே ஒரு பையனுக்காகவா முப்பது பேர் நிற்பது என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

(தொடரும்)