அப்பாவின் காரைத் தானமளிக்கும் முன்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், புறநோயாளர் நேரம் முடியும் தறுவாயில், ஒரு தாயும் அவருடைய மகனும் என் அறைக்கு வந்தனர். அந்த அம்மையாரின் கணவர் நான்கு ஆண்டுகளாக நமது டயாலிசிஸ் பிரிவுக்கு வாரம் மும்முறை வந்து சென்றவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு காலமாகியிருந்தார். மகன் ஒரு கார்ச் சாவியை எடுத்து மேசைமீது வைத்தார். வாசலில் நின்றிருந்தது 11 ஆண்டுகள் ஓடிய ஒரு சொகுசு செடான் கார்.

"அவரு இந்த வண்டியிலதானுங்க இங்க வந்து போனாரு. வித்துக் காசாக்க மனசு வரலீங்க டாக்டர். பஸ்ஸுல வந்து சிரமப்படறவங்களுக்கு ஓடட்டும். ஆஸ்பத்திரிக்கே வச்சுக்குங்க" என்றார் அம்மையார்.

அந்தச் சாவியை நான் அன்று பெற்றுக்கொள்ளவில்லை. அதனால் அவர்கள் முகம் வாடியதையும் கண்டேன். ஏன் பெற்றுக்கொள்ளவில்லை என்பதை அவர்களிடம் விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதே எண்ணத்துடன் வேறு குடும்பங்களும் என்னிடம் பேசியிருப்பதால், அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

பயணமும் சிகிச்சையின் ஒரு பகுதியே

அம்மையார் கண்ட குறை உண்மையானது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஒருவருக்குப் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஆண்டுக்கு 156 முறை அவர் வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பியாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் ஏற்படலாம்; குருதியில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு தடுமாறலாம்.

திரும்பிச் செல்லும் பயணம் இன்னும் கடினமானது. சிகிச்சை முடிந்ததும் சிலருக்கு இரத்த அழுத்தம் குறைந்து தலைச்சுற்றல் வரும். அந்நிலையில் கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டோ, இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்தோ அந்தியூர், நம்பியூர், சத்தியமங்கலம் பகுதிகளுக்குச் செல்வது பாதுகாப்பானதன்று. 108 ஆம்புலன்ஸ் அவசர நிலைகளுக்கு உரியது. வாரம் மும்முறை நிகழும் வழக்கமான பயணத்துக்கு அதை நம்பியிருக்க இயலாது. அரசுக் காப்பீட்டில் சிகிச்சை கிடைத்தும், வண்டி வாடகை இல்லாமையால் ஒரு முறையைத் தவறவிட்டு, மறுநாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, நோயாளிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்வது உயிர் காக்கும் உதவி என்பதில் ஐயமில்லை. அந்த உதவிக்கு இந்தக் கார் பொருந்துமா என்பதே கேள்வி.

மாட்டின் பல்லை யார் பார்ப்பது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஆண்டுதோறும் ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில் மாடு பிடிக்கும் நம் மக்களுக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. பெறுபவர் பார்க்கக் கூடாது என்பது சரிதான். அதனாலேயே, கொடுப்பவர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கோபியிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒருவரை அழைத்து வந்து, சிகிச்சைக்குப் பின் கொண்டுபோய் விட்டு, கார் திரும்ப வேண்டுமானால் ஒரு நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதத்துக்கு 13 முறை என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின், ஒரே ஒரு நோயாளிக்கு மாதம் 156 லிட்டர் எரிபொருள் தேவை. ஓட்டுநர் ஊதியம், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவை இதற்கு மேல்.

பழைய சொகுசுக் காரில் பழுதுபார்ப்புச் செலவு தனிச்சுமை. தானியங்கி கியர், மின்னணுப் பாகங்கள் ஆகியவற்றில் கோளாறு ஏற்பட்டால் கோவைக்குக் கொண்டுசெல்ல நேரலாம். வண்டி அங்கே நிற்கும் நாள்களில் நோயாளி எதில் வருவார்? ஒரு சேவை அமைப்புக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகிவிடும்.

மருத்துவ நோக்கிலும் ஒரு தடை உண்டு. செடான் காரின் இருக்கை தாழ்வானது. மூட்டுவலி உள்ள முதியவர் அதில் குனிந்து அமர்வதும், சிகிச்சைக்குப் பின் சோர்ந்த உடலோடு எழுவதும் எளிதல்ல. டயாலிசிஸுக்காகத் தொடையில் குழாய் பொருத்தப்பட்டவர் இடுப்பை அதிகமாக மடக்கி உட்காரக் கூடாது. படுக்கவைத்து அழைத்துவர வேண்டியவருக்கு இந்த வண்டி பயன்படவே படாது. சற்று உயரமான இருக்கைகளுடன், ஒரே வழித்தடத்தில் உள்ள மூவரையோ நால்வரையோ ஏற்றிவரும் எளிய வேன் இப்பணிக்கு மிகவும் ஏற்றது.

ஒரு வெள்ளைக் காரின் கதை

1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பால் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்தார். அப்போது அவர் பயன்படுத்திய வெள்ளை நிற லிங்கன் கான்டினென்டல் காரை, விடைபெறும்போது அன்னை தெரசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதைத் தம் சபையின் பயணங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை; பரிசுச்சீட்டுக் குலுக்கலுக்கு விட்டார். நேரடி விற்பனையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகத் தொகை திரண்டது. மேற்கு வங்கத்தில் தொழுநோயாளிகளுக்காக எழுந்த சாந்தி நகர் குடியிருப்புக்கு அத்தொகை உதவியது.

அந்தக் காரை விற்றதால் திருத்தந்தையின் அன்பு குறைந்துவிடவில்லை. அது தொழுநோயாளிகளுக்குத் தேவையான வடிவத்துக்கு மாறியது, அவ்வளவே. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி தடைசெய்யப்பட்டிருப்பதால் குலுக்கல் வழி இங்கே உகந்ததன்று. முறையாக விற்று, அத்தொகையை அளிக்கும் வழி யாவருக்கும் திறந்திருக்கிறது. இதைத்தான் அந்தத் தாயிடமும் மகனிடமும் கூறினேன்.

கவனிக்க வேண்டிய ஆவணங்கள்

விற்றாலும், காராகவே அளித்தாலும், பின்வருவனவற்றை மறவாதீர்கள்.

முதலாவது, உரிமையாளர் பெயர். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசு பெயருக்கு மாறிய பின்னரே மற்றவருக்கு முறைப்படி மாற்ற இயலும். என்னிடம் வந்த குடும்பம் இதை அறிந்திருக்கவில்லை. எஞ்சியிருந்த காலத்துக்குள் விண்ணப்பித்துவிட்டனர்.

இரண்டாவது, கைமாறிய பின் பெயர் மாற்றம். இதற்குரியவை படிவங்கள் 29, 30. மாநிலத்துக்குள் கொடுப்பவர் 14 நாள்களுக்குள்ளும், பெறுபவர் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் இருந்தவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பானார். நல்லெண்ணத்துடன் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வருவது, கொடுத்தவர் தலைமீதே வந்து விழலாம்.

மூன்றாவது, நிலுவைகள். வங்கிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35 வழியாக அப்பதிவை நீக்குங்கள். அபராதங்களைச் செலுத்துங்கள். ஃபாஸ்டேகை மூட மறவாதீர்கள். பதிவு 15 ஆண்டுகளை நெருங்குகிறதா என்றும் பாருங்கள்; அதன் பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நான்காவது, வாடகை. தனிப்பயன்பாட்டுக்கான வெள்ளைப் பலகை வண்டியில் கட்டணம் பெற்று நோயாளிகளை ஏற்றிச்செல்வது விதிமீறல். பெறும் அமைப்பு இலவசமாகவே இயக்குகிறதா என்று கேட்டறியுங்கள்.

ஐந்தாவது, வருமான வரி. காராகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. பொருளாக அளிக்கும் நன்கொடைக்கு அச்சலுகை பொருந்தாது. பணமாக, வங்கி வழியாக அளித்தால், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கோரலாம். ரொக்கமாயின் 2,000 ரூபாய்க்கு மேல் ஏற்கப்படாது. பெறும் அமைப்பிடமிருந்து ரசீதும் நன்கொடைச் சான்றும் தவறாமல் பெறுங்கள்.

காராகவே அளிப்பது எப்போது சரி?

எப்போதும் விற்றுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. வண்டி நல்ல நிலையில் இருந்து, பெறும் அமைப்புக்குச் சொந்த ஓட்டுநரும் பராமரிப்பு நிதியும் இருந்து, பரிசோதனைகளுக்காகக் கோவை சென்றுவரும், நடக்கக்கூடிய நோயாளிகளுக்கு அது உதவுமாயின், தாராளமாக அளிக்கலாம். அப்போதும் ஓராண்டுக்கான காப்பீட்டுத் தொகையையும் சேர்த்து அளித்தால் அந்தத் தானம் ஓடும். இல்லையேல் கொட்டகையில் நிற்கும்.

அந்தக் குடும்பம் வீட்டில் ஒரு வாரம் கலந்து பேசியது. பின்னர்ப் பெயர் மாற்றம் முடித்துக் காரை விற்றது. தொகையை, நோயாளிகளுக்கு வேன் இயக்கும் ஒரு சேவை அமைப்புக்கு வங்கி வழியாக அளித்தது. எரிபொருளுக்கும் ஓட்டுநர் ஊதியத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தது. காரை ஓட்டிச்சென்ற அன்று அம்மையார் அழுதார் என்று மகன் கூறினார். அதை விற்காமல் வைத்திருந்தாலும் அவர் அழுதிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

சில வாரங்களுக்குப் பின் அவர் ஒரு மாலையில் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்தார். சிகிச்சை முடிந்த நால்வர் வேனில் ஏறிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர், தம் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் நெடுங்காலம் இருந்தவர் என்று அம்மையார் அடையாளம் கண்டுகொண்டார். "இப்பவெல்லாம் ஒரு நாளும் தவறறதில்லீங்கம்மா" என்றார் அவர்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு வண்டி நின்றிருந்து, இத்தகைய எண்ணமும் இருந்தால், முதலில் நமது மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். எந்த வழித்தடத்தில் எத்தனை பேர் வண்டியின்றிச் சிரமப்படுகிறார்கள் என்பதை அவர் அறிவார். அதைத் தெரிந்துகொண்ட பின், எதைக் கொடுப்பது என்று குடும்பத்தோடு முடிவு செய்யுங்கள்.