கரும்புச் சக்கையில் புண்ணுக்கு ஒரு போர்வை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் முண்டியம்பாக்கம் வரும். அங்கே சர்க்கரை ஆலையும் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் கால் டன்னுக்கு மேல் ஈரச் சக்கை மிஞ்சும். பெரும்பாலும் ஆலைக் கொதிகலனில் எரிந்துபோகும். கரூர் பக்கம் புகளூரில் 1984 முதல் காகிதமாகிறது. அதே சக்கையைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, மிகுந்த அழுத்தத்தோடு நுண்ணிய இடுக்கில் திரும்பத் திரும்பச் செலுத்தினால், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நார்களாகப் பிரிந்து கஞ்சி போலாகும். இதுதான் நானோசெல்லுலோஸ். கஞ்சியில் முக்கால்வாசிக்கும் மேலே தண்ணீர்தான்!

சர்க்கரை வியாதிக்காரரின் கால் புண்ணில் கட்டுப் பிரிக்கும்போது, காய்ந்த துணியோடு புதுச் சதையும் பிய்ந்து வரும். "ஐயோ, மெதுவா வைத்தியரே!" என்ற அலறலை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! தீப்புண்ணுக்கு நம் பெரியவர்கள் வாழை இலை விரித்தது இதற்குத்தான்: ஒட்டாது, ஈரம் காக்கும். பின்லாந்தில் பிர்ச் மரக்கூழின் நானோசெல்லுலோஸால் கட்டுத்துணி செய்து, ஒட்டுப்போடத் தோல் எடுத்த இடத்தில் போடுகிறார்கள். தினம் பிரிக்க வேண்டாம். ஆறியதும் தானே கழன்றுவிடும்.

நம் சக்கையிலும் இந்த நார் எடுக்கலாம், மின்செலவுதான் இடிக்கிறது. நொதியில் முதலில் ஊறவைத்தால் அது குறையும்.

அதற்காக வீட்டில் சக்கையை அரைத்துப் புண்ணில் அப்பிவிடாதீர்கள்! பூஞ்சை பிடித்த சக்கையின் தூசி நுரையீரலையே கெடுக்கும். கால் புண் கறுத்தாலோ நாறினாலோ என்னிடம்கூட வரவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.